அவர் பாத்திரம் ஏற்க, நீங்கள் பாத்திரம் தேய்க்கணும்! - துணைக்கு முதல் ரோல் பிளேயிங் கேமைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இரவு 9 மணி. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டியிருக்கும் திருப்புட்குழியாக இருந்தாலும் சரி, சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தாலும் சரி... இளம் தம்பதிகள் இருக்கும் பல வீடுகளில் இந்த நேரத்துக் காட்சி ஒன்றுதான். ஒருவர் கையில் செல்போனோ, கேம் கன்ட்ரோலரோ இருக்கும். இன்னொருவர் துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்ப்பார். "அப்படி என்னதாங்க இருக்கு அதுல?"

பெரும்பாலும் இது கேலி. சில நாள் கோபம். ஆனால், என்றைக்காவது ஒருநாள் அது உண்மையான கேள்வியாகவே வரும். "நானும் ஒரு தடவை ஆடிப் பார்க்கட்டுமா?"

பலரும் சொதப்புவது இந்த இடத்தில்தான். ஆசையாகக் கேட்டவர் கையில், தனக்குப் பிடித்த 100 மணி நேர கேமைத் திணிப்பார்கள். பத்தே நிமிடத்தில் கன்ட்ரோலர் திரும்பி வந்துவிடும். "எனக்கு இதெல்லாம் செட் ஆகாது. நீங்களே ஆடுங்க!" அதன் பிறகு அந்தக் கேள்வி மறுபடி வருவது அபூர்வம். மனைவி ஆட, கணவர் வேடிக்கை பார்க்கும் வீடுகளிலும் இதே கதைதான்.

அதனால்தான் முதல் கேமைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. அதிலும், கதைக்குள் ஒருவராகவே வாழச் சொல்லும் ரோல் பிளேயிங் கேம் என்றால் கூடுதல் கவனம் தேவை.

கூத்து பார்த்தவர்களுக்குப் புரியும்!

ரோல் பிளேயிங் கேம் என்பதைத் தமிழில் சொன்னால், 'பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு'. சுருக்கமாக ஆர்.பி.ஜி. ஒரு கதாபாத்திரத்துக்குப் பெயர் வைத்து, அவராகவே ஊர் ஊராகப் போய், மனிதர்களிடம் பேசி, முடிவுகள் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வலிமை பெறுவதுதான் இதன் அடிப்படை. இந்த வகைக்கு வித்திட்டது, அமெரிக்காவில் கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 1974-ல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அது வீடியோ கேம் அல்ல. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயால் கதை சொல்லி ஆடுவது.

வேடம் கட்டுவது நமக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால், பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். அர்ச்சுனன் தபசு, துரியோதனன் படுகளம் என்று வரும்போது வேடிக்கை பார்க்கும் ஊர்க்காரர்களும் கதைக்குள் வந்துவிடுவார்கள். அங்கே கட்டியங்காரன் என்று ஒருவர் இருப்பார். கதையே தெரியாமல் வந்து உட்கார்ந்தவருக்கும், வருவது யார், நடப்பது என்ன என்று சிரிக்கச் சிரிக்கப் புரியவைத்துவிடுவார். ஆனால், வேடம் கட்டியவரைத் தள்ளிவிட்டு அவரே ஆட மாட்டார்.

துணைக்கு கேம் சொல்லித்தரப் போகிறவரின் வேலையும் அந்தக் கட்டியங்காரன் வேலைதான்.

ஜப்பான் காட்டிய வழி

'எதுவுமே தெரியாதவருக்கு ஆர்.பி.ஜி-யை எப்படி அறிமுகப்படுத்துவது?' இந்தக் கேள்விக்கு 1986-லேயே ஒருவர் விடை கண்டார். அவர் ஜப்பானின் யூஜி ஹோரீ. 'ஷோனென் ஜம்ப்' என்ற வார இதழில் எழுதிக்கொண்டிருந்தவர். அன்றைக்கு ஆர்.பி.ஜி என்றால் அமெரிக்காவின் 'விஸார்ட்ரி', 'அல்டிமா' போன்றவைதான். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும், பொறுமையாகப் படித்துப் பழகுபவர்களும் மட்டுமே ஆடினார்கள். சாதாரண வீட்டுப் பிள்ளைகளும் ஆட வேண்டும் என்று ஹோரீ நினைத்தார். அப்படிப் பிறந்ததுதான் 'டிராகன் குவெஸ்ட்'. 'டிராகன் பால்' புகழ் அகிரா தொரியாமா இதற்குப் படம் வரைந்தார்.

அதில் ஹோரீ செய்த விஷயங்கள் இன்றைக்கும் பாடம். கேம் ஆரம்பிக்கும்போது நீங்கள் ராஜாவின் அறைக்குள் இருப்பீர்கள். கதவு பூட்டியிருக்கும். ராஜாவிடம் பேசி, பெட்டியைத் திறந்து, சாவியை எடுத்து, கதவைத் திறந்தால்தான் வெளியே போக முடியும். இந்த நான்கு வேலையைச் செய்து முடிப்பதற்குள், கேமுக்குத் தேவையான கட்டளைகளைக் கற்றுக்கொண்டிருப்பீர்கள். பாடம் நடத்தியதே தெரியாது. வெளியே வந்தால் எதிர்ப்படும் முதல் எதிரி, சிரித்த முகத்தோடு இருக்கும் ஒரு நீலத்துளி. பார்த்தால் பயம் வராது, சிரிப்புதான் வரும். சண்டையிலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு எதிரிதான்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். புதியவரை கேமுக்கு ஏற்ப மாற்றக் கூடாது. புதியவருக்கு ஏற்ற கேமைத் தேட வேண்டும். தேடும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. அவருக்கு நேரம் இருக்கிறதா?

மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடங்கள். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். கிட்டத்தட்ட 200 நிமிட வித்தியாசம்!

'என் மனைவிக்கு கேம்ல இன்ட்ரஸ்ட்டே இல்லை' என்று சொல்லும் கணவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். இன்ட்ரஸ்ட் இல்லாமல் இல்லை, உட்கார நேரம்தான் இல்லை. அடுப்பில் பாலும், நாளைக் காலை டிபனுக்கு ஊறவைக்க வேண்டிய அரிசியும் மனதில் ஓடிக்கொண்டிருந்தால், எந்த ராஜகுமாரனைக் காப்பாற்றத் தோன்றும்?

ஆகவே, கேம் வாங்கிக் கொடுக்கும் முன் அரை மணி நேரத்தை வாங்கிக் கொடுங்கள். அவர் ஒரு பாத்திரத்தை ஏற்று ஆட வேண்டுமென்றால், சிங்க்கில் கிடக்கும் பாத்திரத்தை நீங்கள் தேய்க்க வேண்டும். அதுவும் ஒருநாள் மட்டும் போதாது.

கேமும் அந்த அரை மணி நேரத்துக்குள் அடங்குவதாக இருக்க வேண்டும். நினைத்த நேரத்தில் நிறுத்தி, மறுநாள் விட்ட இடத்தில் தொடர முடிகிறதா என்று பாருங்கள். ஒரு சண்டை முடிய 40 நிமிடம் ஆகும், நடுவில் எழுந்தால் எல்லாம் போச்சு என்கிற கேம் வேண்டாம்.

2. கை பழகியிருக்கிறதா?

சிறு வயது முதல் கேம் ஆடுபவர்களுக்கு, இடது கட்டைவிரலால் நடப்பதும் வலது கட்டைவிரலால் பார்வையைத் திருப்புவதும் மூச்சு விடுவது மாதிரி. புதியவருக்கு அது, முதன்முதலாக கிளட்ச்சையும் கியரையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி!

'ரஸ்பட்டன்' என்ற யூடியூப் சேனலை நடத்துபவர், கேம் பழக்கமே இல்லாத தன் மனைவியைப் பல கேம்கள் ஆடச் சொல்லி, குறுக்கே பேசாமல் கவனித்து, ஒரு வீடியோ தொடரே வெளியிட்டார். நடந்துகொண்டே கேமராவைத் திருப்புவது அவருக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்பது அதில் அப்பட்டமாகத் தெரியும். 'இதுகூடவா தெரியாது?' என்று நாம் நினைக்கும் பலவும், நாம் எப்போதோ கற்றுக்கொண்டு மறந்துபோன பாடங்கள். கேம் அவற்றைச் சொல்லித் தராமலே, தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது.

எனவே, முதல் கேம் மேலிருந்து பார்ப்பதாகவோ, பக்கவாட்டில் நடப்பதாகவோ இருப்பது நல்லது. கேமராவோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. சண்டை இருந்தால், தாயக்கட்டம் மாதிரி முறை வைத்து ஆடும் வகையாக இருக்கட்டும். நம் முறை வந்தால் கேம் காத்திருக்கும். டீயைக் குடித்துவிட்டு யோசித்துக்கூட அடிக்கலாம்.

3. தோற்றால் என்ன ஆகும்?

திருப்புட்குழியின் பெயரிலேயே இதற்கு ஒரு சேதி இருக்கிறது. 'புள்' என்றால் பறவை. சீதையைக் காக்க ராவணனோடு போரிட்டு, சிறகு வெட்டுண்டு விழுந்த ஜடாயுவுக்கு ராமன் இங்கேதான் ஈமக்கடன் செய்தார் என்பது தலபுராணம். அதனால் புட்குழி. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயில் இங்கே இருக்கிறது. ஜடாயு அந்தச் சண்டையில் ஜெயிக்கவில்லை. ஆனாலும் ஊரே அவர் பெயரில்தான் இருக்கிறது. தோற்றவரை மட்டம் தட்டாத கதை நமக்குப் பழக்கமானதுதான்.

கேமிலும் அதைத்தான் தேட வேண்டும். 'டிராகன் குவெஸ்ட்'டில் தோற்றால் ஆட்டம் முடிந்துவிடாது. கையிலிருக்கும் தங்கத்தில் பாதி போகும், ராஜாவின் முன் மறுபடி எழுந்து நிற்பீர்கள். அதுவரை சம்பாதித்த அனுபவம் அப்படியே இருக்கும். பணம் போனாலும் கற்றது போகாது! புதியவரின் முதல் கேமில் தோல்வி இப்படித்தான் இருக்க வேண்டும். பத்து முறை செத்துச் செத்துப் பழக வேண்டிய 'டார்க் சோல்ஸ்' வகை கேம்கள் ருசியானவைதான். ஆனால், அது பழகிய நாக்குக்கான காரம்.

சரி, எதைக் கொடுக்கலாம்?

'எந்த கேம் பெஸ்ட்?' என்று தேடாதீர்கள். 'அவருக்கு எது பிடிக்கும்?' என்று தேடுங்கள்.

தோட்டம், செடி, ஊர்க்கதை பிடிக்கும் என்றால்... ஸ்டார்டியூ வேலி. 2016-ல் வந்தது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள், நான்கரை ஆண்டு உட்கார்ந்து கதை, படம், இசை எல்லாவற்றையும் உருவாக்கினார். அந்த ஆண்டுகளில் அவருடைய காதலிதான் வேலைக்குப் போய்ப் பெரும்பாலான செலவைப் பார்த்துக்கொண்டார். இதுவரை 4 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றிருக்கின்றன. தாத்தா விட்டுச்சென்ற பாழடைந்த நிலத்துக்கு நீங்கள் குடிவருவதுதான் கதை. விதைத்து, தண்ணீர் ஊற்றி, அறுவடை செய்து, ஊராரோடு பழக வேண்டும். கேமில் ஒரு நாள் என்பது நிஜத்தில் சுமார் 14 நிமிடம். அரை மணி நேரத்துக்குள் இரண்டு நாள் வாழ்ந்துவிடலாம். செல்போனிலும் கிடைக்கிறது. ஒருமுறை பணம் கட்டினால் போதும். கம்ப்யூட்டரிலோ கேம் கன்சோலிலோ என்றால், திரையைப் பிரித்து இருவரும் ஒரே நிலத்தில் சேர்ந்தும் உழலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை, இதில் மீன் பிடிப்பது புதியவர்களுக்குக் கடினம். முதல் நாளே அங்கே அழைத்துப் போகாதீர்கள். இன்னொன்று, நிஜமாகவே நெல் நடும் குடும்பத்தவர் என்றால், நான்கே நாளில் கிழங்கு விளைவதைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கட்டும், அதுவும் நல்ல ஆரம்பம்தான்!

ராஜா, ராணி, மாயாஜாலக் கதை பிடிக்கும் என்றால்... மேலே சொன்ன முதல் டிராகன் குவெஸ்ட், அல்லது 1995-ல் வந்த 'குரோனோ ட்ரிகர்'. இரண்டும் செல்போனில் கிடைக்கின்றன. பின்னது காலத்தில் முன்னும் பின்னும் பயணிக்கும் கதை. டைம் மெஷின் சினிமா பிடிப்பவர்களைக் கட்டிப்போட்டுவிடும்.

சண்டையே பிடிக்காது, ஆங்கிலம் சரளம் என்றால்... 'அண்டர்டேல்'. 2015-ல் டோபி ஃபாக்ஸ் உருவாக்கியது. ஒருவரைக்கூடக் கொல்லாமல், பேசிப் பேசியே கேமை முடிக்கலாம். ஆனால், எதிரியின் முறை வரும்போது பாய்ந்து வருபவற்றிலிருந்து விலகித் தப்பிக்க வேண்டும். அதற்கு விரலில் வேகம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளோடு சேர்ந்து ஆட ஆசை, வீட்டில் நின்டெண்டோ ஸ்விட்ச் இருக்கிறது என்றால்... 2018-ல் வந்த 'போகிமான் லெட்ஸ் கோ'. ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கன்ட்ரோலரை அசைத்து இரண்டாமவரும் உள்ளே வந்துவிடலாம்.

'தி விட்சர் 3', 'பால்டர்ஸ் கேட் 3' போன்ற பெரிய கேம்கள் அருமையானவைதான். ஆனால், நீளமானவை, பெரியவர்களுக்கு மட்டுமானவை. அவை மூன்றாவது, நான்காவது கேமாக வரட்டும்.

இட்லித் தட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்!

இத்தனையும் யோசித்த பிறகும் தயக்கம் இருந்தால், ஆர்.பி.ஜி-க்கு ஒரு படி முன்னால் ஒரு தமிழ் வாசல் திறந்திருக்கிறது. பெயர் 'வெண்பா'. கனடாவின் டொராண்டோவில் இருக்கும் 'விசை கேம்ஸ்' 2023-ல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். ஊரிலிருந்து கொண்டுபோன சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன வரிகளை யூகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா கேம்ஸ் விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருதை இது வென்றது.

லெவல், வாள், கவசம் எதுவும் இல்லாததால் இலக்கணப்படி இது ஆர்.பி.ஜி அல்ல. ஆனால், ஒரு பாத்திரமாக மாறி வாழ்வது என்றால் என்ன என்பதை இரண்டு மணி நேரத்துக்குள் காட்டிவிடும். முதல் சமையலே இட்லி! தட்டுகளை எப்படி அடுக்குவது என்று வருடக்கணக்கில் கேம் ஆடியவர் முழித்துக்கொண்டிருக்க, சமையலறையில் பழகியவர் சட்டென்று சொல்லிவிடுவார். 'எனக்கும் இது வரும்' என்ற அந்த நம்பிக்கைதான் அடுத்த கேமுக்கு அழைத்துப் போகும். கம்ப்யூட்டரிலும் கேம் கன்சோல்களிலும் ஆடலாம்.

காசு விஷயத்தில் உஷார்!

'கேம்' என்ற வார்த்தையைக் கேட்டாலே சில வீடுகளில் பெரியவர்களுக்கு வயிறு கலங்கும். ஆன்லைன் ரம்மி பறித்த பணமும் உயிர்களும் அப்படி. அந்தப் பயத்தைக் கிண்டல் செய்யாமல், வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவையுங்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு 2025 ஆகஸ்ட்டில் சட்டம் கொண்டுவந்து தடை செய்தது. மேலே சொன்ன கேம்களில் பந்தயமும் இல்லை, பணம் ஜெயிப்பதும் இல்லை. புத்தகம் மாதிரி ஒருமுறை விலை கொடுத்து வாங்குபவை.

மாறாக, 'இலவசம்' என்று வரும் சில ஆர்.பி.ஜி-களில்தான் கவனம் தேவை. 2020-ல் வந்த 'கென்ஷின் இம்பாக்ட்' போன்றவற்றை இலவசமாக ஆடலாம். ஆனால், நல்ல கதாபாத்திரம் வேண்டுமென்றால் குலுக்கல் மாதிரி ஒன்றில் அதிர்ஷ்டத்தைப் பார்க்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் அதற்குக் காசு கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். முதல் கேம் இந்த வகையாக இருக்க வேண்டாம். செல்போனில் எந்த கேமை இறக்கினாலும், பணம் கட்ட பாஸ்வேர்டு கேட்கும்படி முதலிலேயே செட் செய்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரில் 'ஸ்டீம்' தளம் வழியாக வாங்கினால் ஒரு வசதி உண்டு. வாங்கி 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். துணைக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க அந்த நேரம் தாராளம்.

பக்கத்தில் உட்காருபவர் கவனத்துக்கு...

* கன்ட்ரோலரைப் பிடுங்காதீர்கள். 'குடு, நான் முடிச்சுத் தர்றேன்' என்பதுதான் பலரின் ஆசையை முதல் நாளே முடித்துவைக்கும் வார்த்தை.

* கேட்டால் மட்டும் சொல்லுங்கள். அவர் தப்பான வழியில் போனால் போகட்டும். வழி தவறிப் போய்ப் பார்ப்பதற்காகத்தான் இந்த வகை கேமே இருக்கிறது.

* கதையில் அடுத்து வருவதை முன்கூட்டியே உளறாதீர்கள்.

* கதாபாத்திரத்துக்குப் பெயரை அவரே வைக்கட்டும். தன் பெயரோ, குழந்தையின் பெயரோ, பிடித்த நடிகரின் பெயரோ... எதுவானாலும் சரி.

* ஆங்கில வசனங்கள் தடையாக இருந்தால், பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லுங்கள். வாசிப்பது உங்கள் வேலை, முடிவெடுப்பது அவர் வேலை.

* அவர் ஆடும்போது நீங்கள் போனை நோண்டாதீர்கள். இத்தனை நாள் உங்கள் ஆட்டத்தை அவர் பார்த்தார். இப்போது உங்கள் முறை.

இவ்வளவு செய்தும் பிடிக்கவில்லை என்று சொன்னால்? விட்டுவிடுங்கள். 'அப்படி என்ன இருக்கு?' என்று கேட்டவருக்குப் பதில் தெரிந்துவிட்டது, அதுவே போதும். அடுத்து, அவருக்குப் பிடித்த ஒன்றை உங்களுக்குக் கற்றுத்தரச் சொல்லுங்கள். அது கோலமோ, கேரமோ, கிரிக்கெட்டோ... அங்கே நீங்கள் புதியவர். எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்பது, கற்றுக்கொள்ள உட்காரும்போதுதான் சரியாகப் புரியும்.

பிடித்துவிட்டால்..? அரை மணி நேரம் ஒரு மணி நேரமாகும். சிங்க்கில் பாத்திரம் காத்திருக்கும். எழுந்து போக வேண்டியது யார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்!